யாமிலெயின் காற்று

முன்னெல்லாம் லா கந்தேரா மேட்டுக்குத் தபால் வராது. இருநூற்றுப் பதினான்கு படி ஏறி யார் வருவார்கள்? அடிவாரத்துச் சாராயக்கடையில் கட்டாகப் போட்டுவிட்டுத் தபால்காரன் போய்விடுவான். கல்யாணப் பத்திரிகை வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கு ஞானஸ்நானமே முடிந்துவிட்ட கதையெல்லாம் அங்கே உண்டு. புது ரோடு வந்த பிறகு அவனும் மோட்டார் சைக்கிளில் வாசல்வரை வந்து ஹாரன் அடித்தான். ரூபியெலாவுக்கு அப்படி வந்து சேர்ந்த முதல் கடிதமே வரிக் கடிதம்தான்.

அவள் அப்போது மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். வெந்த சோளம் ஆறிப்போனால் மாவு கல்லாகிவிடும். பிறகு அரேபா ரொட்டி தட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கும். அதனால் கடிதத்தை இரண்டு விரலால் வாங்கி உப்பு ஜாடிக்கு அடியில் செருகிவிட்டு மறுபடியும் அரைக்க உட்கார்ந்தாள். அறுபது அரேபா தட்டி, கரியடுப்பு வலைமேல் போட்டு, இரண்டு பக்கமும் கரும்புள்ளி விழும்வரை சுட்டு, பத்துப் பத்தாகப் பையில் கட்டி முடித்த பிறகுதான் பிரித்தாள். படித்தாள். புரியவில்லை. கையைக் கழுவிவிட்டு மறுபடியும் படித்தாள். இந்தத் தடவை புரிந்தது.

மதிப்பேற்ற வரி என்பது அந்த நாட்டில் காய்ச்சல் பெயர் மாதிரி எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். அரசாங்கம் ரோடோ பாலமோ போடுகிறது. அதனால் பக்கத்து வீடுகளின் விலை ஏறுகிறது. ஏறியதில் ஒரு பங்கை ரோட்டுச் செலவுக்குக் கொடு என்று கேட்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அது கீழே சமவெளியில் தோட்டமும் இரண்டு காரும் வைத்திருப்பவர்களுக்கு வரும் காய்ச்சல் என்றுதான் மேட்டு ஜனங்கள் நினைத்திருந்தார்கள். கடிதத்தில் இருந்த தொகை அறுபத்தெட்டு லட்சம் பேசோ. புருஷன் ஹில்தார்தோ கொத்தனார். வேலை இருக்கிற மாதம் ஏழு லட்சம் கொண்டுவருவான். இல்லாத மாதம் அரேபாதான் சோறு போடும்.

சாயங்காலம் அவன் வந்ததும் கடிதத்தை நீட்டினாள். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "வேற யாரு வீட்டுக்கோ வந்தது தப்பி வந்திருக்கு, கெழவி" என்றான்.

"பேரு உம்பேருதானே போட்டிருக்கு?"

"என் பேருல இந்த ஊர்ல நாலு பேரு இருக்கான்."

"நாலு பேருக்கும் லா கந்தேராவுல பச்சைக் கதவு வெச்ச வீடா இருக்கு?"

அவன் கடிதத்தை மடித்து மறுபடியும் உப்பு ஜாடிக்கு அடியில் செருகினான்.

அந்தப் பச்சைக் கதவிலிருந்துதான் வினை ஆரம்பம். ரோடு போட ஆள் எடுத்தபோது ஹில்தார்தோவுக்கும் வேலை கிடைத்தது. மலைச்சரிவு ரோட்டில் இறங்காமல் இருக்கக் கருங்கல் சுவர் கட்டும் வேலை, பதினான்கு மாதம், வாரம் தவறாமல் சம்பளம். அவன் ஆயுளில் அப்படியொரு காலம் வந்ததில்லை. முப்பது வருஷமாக அடுத்தவன் வீட்டு முகப்பையெல்லாம் அழகு பண்ணியவன், இந்தத் தடவை தன் வீட்டு முகப்பைப் பார்த்தான். பூசாத செங்கல்; தகரக் கதவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றிவிட்டு ரசமட்டத்தை எடுத்தான். எட்டு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தான். தரையிலிருந்து தளம்வரை பழுப்பு நிற டைல்ஸ். இரண்டு டைல்ஸுக்கு நடுவில் நூல் பிடித்தால் நூல் வளையாது. இரும்புக் கதவுக்குப் பச்சை வண்ணம், வாசல் ஓரம் இரண்டு சட்டியில் செடி. கரி மூட்டை அடுக்கும் ஓரச் சந்துக்கும் மிச்சமிருந்த இரும்பில் ஓர் அகலக் கதவு. தெரு முழுக்க வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டு எதில்மா மட்டும், "அக்கா, இனிமே உங்க வீட்டுக்குள்ள வர்றதுன்னா செருப்பத் தொடச்சிட்டுதான் வரணுமோ" என்று கிண்டலடித்தாள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து நகராட்சியிலிருந்து ஒரு கணக்கெடுப்புக்காரன் வந்தான். வீடுகளை அடுக்கு பிரிக்க. அங்கே எல்லா வீட்டுக்கும் ஒரு அடுக்கு எண் உண்டு, கரண்ட் பில்லிலேயே அச்சாகி வரும். ஒன்று என்றால் ஏழை, ஆறு என்றால் சீமான். வீட்டுக்குள் சோறு இருக்கிறதா என்று எவனும் பார்க்க மாட்டான். தெருவில் நின்று முகப்பைப் பார்த்துத்தான் எண் போடுவான். ரூபியெலாவுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் வந்தவன் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து நின்றான், முகப்பை நிமிர்ந்து பார்த்து, "நல்ல வேலைப்பாடு" என்று வேறு சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து வெல்லத்தண்ணி கொடுத்தாள். சூடான அரேபாவில் வெண்ணெய் தடவிப் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்தாள். டைல்ஸ் எங்கே வாங்கியது, பெட்டி என்ன விலை, எல்லாம் ஒப்பித்தாள். அவன் எழுந்து போகும்போது ஓரச் சந்தின் அகலக் கதவைக் காட்டி, இது என்ன என்று கேட்டான். கரி மூட்டை வைக்கிற இடம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"கார் நிறுத்த. எம் பொண்ணு வாங்குனதும் நிறுத்துவா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு கட்டத்தில் குறி போட்டுக்கொண்டான். அடுத்த மாதக் கரண்ட் பில்லில் இரண்டு என்றிருந்த இடத்தில் மூன்று என்று வந்தது. அவள் அதை எதில்மாவிடம் காட்டிப் பீற்றிக்கொண்டதைச் சொன்னால் இப்போது வயிறு எரியும், ஆனால் நடந்தது அதுதான். மதிப்பேற்ற வரி முதல் இரண்டு அடுக்குக்குக் கிடையாது. மூன்றிலிருந்து உண்டு. எதில்மா வீடு இரண்டு. நடுவில் ஒரே சுவர்தான்.

வரி அலுவலகத்துக்கு ரூபியெலா புது பஸ்ஸில்தான் போனாள். முன்பு அரை நாள் ஆகும் வழி. இப்போது இருபது நிமிஷம். அதைக் குறை சொல்ல முடியாது. எதில்மாவின் அம்மாவுக்கு மாரடைத்தபோது ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது. பழைய காலம் என்றால் நாற்காலியில் வைத்துப் படியிறக்கியிருப்பார்கள், பாதியிலேயே உயிர் போயிருக்கும். ரூபியெலாவே அரேபாவைக் கீழ்க் கடைவீதிக்கு பஸ்ஸில் அனுப்பத் தொடங்கியிருந்தாள். ரோடு நல்லதுதான். நல்லதுக்கு விலை இருக்கும் என்பதும் சரிதான். அந்த விலையை ஏன் தன் தலையில் கட்டினார்கள் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

கவுன்டரில் இருந்தது சின்னப் பெண். கண்ணில் தூக்கமில்லாத சோர்வு. ஆனாலும் முகம் சுளிக்காமல் பேசினாள்.

"அம்மா, உங்க வீடு முன்னவிட இப்ப நல்ல விலைக்குப் போகும். ரோடு போட்ட காசு எல்லாரோட காசு. அதனால உங்களுக்குக் கெடச்ச லாபத்துல ஒரு பங்கத்தான் கேக்குறாங்க."

"லாபம் எங்கம்மா இருக்கு? நான் எல்லா டப்பாவையும் தெறந்து பாத்துட்டேன், காணோம்."

"வித்தாத்தான் கைக்கு வரும்."

"வித்துட்டு எங்க போய் சோளம் வேக வைக்க?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, அடுக்கு தப்பாக விழுந்திருக்கிறது என்று மனு கொடுங்கள், திரும்ப வந்து பார்ப்பார்கள், இரண்டு என்று மாறினால் ஏதாவது செய்ய முடிகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றாள். ஏதாவது, கேட்டுப் பார்க்கலாம். இந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ரூபியெலா வீடு திரும்பினாள். முழுகுகிறவளுக்கு அது போதாதா?

அன்றைக்கே ஹில்தார்தோவிடம் சொன்னாள், டைல்ஸை உடைத்துவிடலாம் என்று. அவன் காதில் விழாதது மாதிரி கொல்லைப்பக்கம் போனான். மறுநாளும் சொன்னாள். மூன்றாம் நாள் அவன் ரொட்டிக்கடையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, கரி உடைக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு தானே வாசலுக்கு வந்தாள். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. அவன் ஒட்டியது அப்படி. நாலாவது அடியில் ஒரு டைல்ஸ் நொறுங்கி, கூடவே செங்கல்லும் பெயர்ந்து விழுந்தது. சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. யாரோ போய்ச் சொல்லி ஹில்தார்தோ ஓடி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று எதில்மா குறுக்கே போய் நின்றாள். அவன் அவளை விலக்கிவிட்டு, மனைவி கையிலிருந்து சுத்தியலை வாங்கினான்.

"சுவத்த ஒடைக்கிற, கெழவி. ஒடைக்கிறதுன்னாலும் ஒரு மொறை இருக்குல்ல" என்றான்.

உள்ளே போய் உளி எடுத்து வந்தான். மேல் வரிசையிலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொரு டைல்ஸின் ஓரத்திலும் உளியைக் கொடுத்து, கலவையைச் சுரண்டி, முழுசாகப் பெயர்த்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கி அடுக்கினாள். இருநூற்று ஆறு முழு டைல்ஸ் தேறியது. இரண்டு நாள் அந்த வேலை செய்தான். அவன் அழுதானா என்று கேட்டால் அவள் இல்லை என்பாள், தூசி என்பாள். பச்சைக் கதவைக் கழற்றிப் பழைய தகரத்தை மாட்டினார்கள். செடிச் சட்டிகள் எதில்மா வீட்டு வாசலுக்குப் போயின.

மூன்று வாரம் கழித்து வேறொரு ஆள் வந்து பார்த்தான். இவனுக்கு அவள் தண்ணிகூடக் கொடுக்கவில்லை. கதவைப் பாதி திறந்து நின்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அகலக் கதவு இருந்த இடத்தில் கரி மூட்டைகள் தெரியும்படி வைத்திருந்தாள். அவன் எழுதிக்கொண்டு போனான். அடுத்த பில்லில் இரண்டு என்று வந்தது. அவள் அந்தக் காகிதத்தை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினாள். கவுன்டரில் அதே பெண். பில்லைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைத் தட்டினாள், தலை குனிந்துகொண்டாள். வரித் தீர்மானம் கையெழுத்தான நாளில் வீடு எந்த அடுக்கில் இருந்ததோ அதுதான் கணக்காம். அன்றைக்கு மூன்று. இனிமேல் வீட்டை இடித்தே போட்டாலும் மூன்றுதான்.

"தெரியாம சொல்லிட்டேன்மா. மன்னிச்சுக்குங்க" என்றாள் அந்தப் பெண்.

கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது. ரூபியெலா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.

தவணை கட்டலாம் என்றார்கள். இரண்டு தவணை கட்டினார்கள். ரோட்டு வேலை முடிந்துவிட்டது, மழைக்காலம் வேறு, ஹில்தார்தோவை யாரும் கூப்பிடவில்லை. மூன்று தவணை நின்றது. ஹாரன் சத்தம் கேட்டாலே அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தத் தொடங்கினாள். இரண்டாவது கடிதத்தில் ஜப்தி என்ற வார்த்தை இருந்தது.

இனி விற்பதற்கு வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், காற்று.

அந்த மலைச்சரிவுகளில் வீட்டை ஒரே மூச்சில் கட்டுகிறவர்கள் கிடையாது. கீழ்த்தளம் முடித்துத் தளம் போட்டு, தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டுவிடுவார்கள். துரு பிடிக்காமல் இருக்கக் கம்பி நுனியில் பீர் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார்கள். தளத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடம்தான் காற்று. அது சொத்து. பிள்ளைக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால், மேலே ஒரு வீடு கட்டிக்கொள் என்று யாருக்காவது விற்கலாம்.

ரூபியெலா வீட்டுக் காற்று மகள் யாமிலெயுடையது. பத்திரம் எதுவும் கிடையாது. ஆனால் பத்திரத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருந்தது. அந்த ஊரில் பெண்பிள்ளைக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் என்றால் கல்யாணத்துக்கு ஈடு. நீள கவுன், மூன்றடுக்கு கேக், வாடகை மேளம், அப்பாவோடு நடனம். யாமிலெக்குப் பதினைந்து வரும்போது வீட்டுக்கு மேலே தகரம்தான். மழையில் பேச்சுக் குரல் கேட்காது. சேர்த்து வைத்த காசைக் காட்டி ஹில்தார்தோ மகளிடம் கேட்டான், கொண்டாட்டமா, தளமா என்று. அவள் ஒரு நாள் கழித்து, தளம் என்றாள். ஆனால் மேலே இருக்கிறது எனக்கு என்றாள். அந்தப் பிறந்தநாளன்று தெருவே வந்து வாளி வாளியாகக் கலவை தூக்கியது. கவுன் போட வேண்டியவள் கால்சட்டையோடு முதல் வாளியைக் கொட்டினாள். கம்பிகளுக்கு அவள் வைத்ததெல்லாம் கலர் பாட்டில். பச்சை, நீலம், ஒன்று சிவப்பு.

இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. புருஷனோடு மலைமேல் பூப்பண்ணையில் கூலி வேலை, பண்ணை ஓரத்தில் ஒற்றை அறை, வயிற்றில் ஆறு மாதம். பிள்ளை பிறந்ததும் மேலே வந்து கட்டிக்கொள்வதாகப் பேச்சு.

காற்றை வாங்க வந்தவர் ஒவிதியோ. லாரி ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன். கண்ணாடியில் கார்மென் மாதா படம் தொங்கவிட்டு, ரோடு வந்த நாளிலிருந்து அந்த வழியாகத்தான் மணல் ஏற்றிப் போகிறார். ரோடு இல்லையென்றால் இந்த மேட்டில் யார் வீடு கட்ட வருவார்கள் என்று அவரே வெள்ளந்தியாகச் சொன்னார். வரித் தொகைக்கு மேலே பாதி சேர்த்துத் தர ஒப்புக்கொண்டார். கவுன்டர் பெண் சொன்னது பொய்யில்லை, விலை ஏறித்தான் இருந்தது. அதைக் கையால் தொட வேண்டுமானால் மகளின் காற்றை விற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போட்ட அன்று ஹில்தார்தோ ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"கட்டுற வேலைய எனக்குக் குடுங்க. என் தளத்து மேல வேறெவனாவது கரணையோட ஏறி நிக்கிறதப் பாக்க என்னால ஆகாது."

ஒவிதியோ சந்தோஷமாகச் சம்மதித்து, நாள் கூலி பேசினார். முகப்புக்கு என்ன பண்ணலாம் என்று கேட்டார். "முகப்ப மட்டும் தொடாதீங்க, சாமி" என்றான் ஹில்தார்தோ. அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

இதை யாமிலெயிடம் யார் சொல்வது? ரூபியெலாதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகள் போன் பண்ணுவாள். சொல்லிவிடுவது என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டுதான் ரூபியெலா எடுப்பாள். அம்மா, பிள்ளை உதைக்கிறது என்பாள் அவள். அந்தப் பேச்சில் எப்படிச் சொல்வது? சோளம் விலை ஏறிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு ரோஜா ஏற்றுமதி, பண்ணையில் லீவு கிடையாது, மகள் இந்தப் பக்கம் வர மாட்டாள் என்பது ஒரு தைரியம். அதற்குள் எப்படியாவது, யார் மூலமாவது, கடிதம் எழுதியாவது. இப்படியே ஏழு வாரம் ஓடி, காதலர் தினமும் கழிந்தது. மேலே சுவர் எழும்பியது. கலர் பாட்டில்களை எடுத்துச் சாக்கில் கட்டி அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

தெருவில் எல்லாரும் யாமிலெ வீடு எழும்புகிறது என்றுதான் நினைத்தார்கள். வேறு யார் வீடாக இருக்கும்? எதில்மா ஒருநாள், தினம் மேலே ஏறி இறங்குகிறாரே, அந்தத் தொப்பிக்காரர் யார் என்று கேட்டாள். "செங்கல் கொண்டு வர்ற லாரிக்காரரு" என்றாள் ரூபியெலா. பொய் இல்லை. அவர் லாரிக்காரர்தான், அவர்தான் செங்கல் கொண்டு வந்தார். விற்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தால்தானே. டைல்ஸ் உடைத்த சங்கதியே இன்னும் தெருவில் ஆறவில்லை.

மேல்தளம் போடும் சனிக்கிழமை வந்தது. தளம் போடுகிற நாளுக்கு அங்கே யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கலவை மெஷின் சத்தம் கேட்டால் வாளியோடு வந்துவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் சன்கோச்சோ குழம்பு காய்ச்சிப் போட வேண்டும், அதுதான் கூலி. ஒவிதியோவின் மனைவி இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை. அதனால் சமையலுக்குக் காசு கொடுத்து ரூபியெலாவையே கேட்டுக்கொண்டார். அவள் தெருவோரம் மூன்று கல் கூட்டி அண்டா ஏற்றினாள். கோழி, வாழைக்காய், மரவள்ளி, உருளை, மேலே கொத்தமல்லி. முப்பது பேர் வந்துவிட்டார்கள். வந்தவர்களெல்லாம் அவள் தோளைத் தட்டினார்கள். ஒருவழியா பொண்ணுக்கு மேல கூரை வந்துருச்சு என்றார்கள். பேரப்பிள்ளை தலைமேலயே ஓடப் போகுது, தூங்கினாப்புலதான் என்றார்கள். அவள் புகையைச் சாக்கு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கிண்டினாள். ஒவிதியோ யாரென்று கேட்காமலே அவர் கையில் ஒரு வாளியைத் திணித்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். இத்தனை ஜனம் தனக்காக வந்திருக்கிறது என்று அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

மெஷின் ஓடத் தொடங்கியது. முதல் வாளி நிரம்பியது. அந்த நேரத்தில்தான் பஸ் வந்து நின்றது.

எதில்மா கைதட்டினாள். "நான்தான் வரச்சொன்னேன். வீட்டுக்காரி இல்லாம எப்பிடித் தளம் போடுவீங்க? அக்கா வாயே தெறக்கல, ஒளிச்சு வெச்சு ஆச்சரியப்படுத்தப் பாத்தாங்க. நாம விட்ருவோமா?"

யாமிலெ இறங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் சிவப்பு ரிப்பன் கட்டிய கற்றாழை. புது வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுவது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். சாரத்தின்மேல் நின்ற ஹில்தார்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, சோளம் வெல ஏறுனத மட்டும் வாரா வாரம் சொன்னீல்ல, இதச் சொல்ல மாட்டியா" என்று அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பூப்பண்ணை மருந்து நெடி அடித்தது.

வீட்டுக்காரி மொத வாளி போடட்டும் என்று யாரோ சொன்னார்கள். வழி விட்டார்கள். இருவர் அந்த வாளியை ஏணியடிக்குக் கொண்டுபோய் வைத்து, நீ சும்மா கை வை, நாங்கள் தூக்கிக் கொள்கிறோம் என்றார்கள். யாமிலெ கற்றாழையை எதில்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். ஒவிதியோ ஒன்றும் புரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இன்னும் நாலு எட்டு. ரூபியெலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாமிலெ, அதத் தொடாத. அது உன் வீடு இல்ல கண்ணு. காத்த வித்துட்டேன். வரிக்கு வித்துட்டேன். அந்தா நிக்கிறாரு பாரு, அவரு வீடு."

மெஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. யாமிலெ அம்மாவைப் பார்த்தாள், ஒவிதியோவைப் பார்த்தாள். அவர், "எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா" என்று முனகினார். எதில்மா கற்றாழையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மேலேயிருந்து ஹில்தார்தோவின் குரல் கேட்டது. உடைந்த குரல், ஆனால் கொத்தனார் குரல்.

"கலவை இறுகுது. நின்னா தளத்துல பொருத்து விழுந்துரும். மழைக்கு ஒழுகும். தூக்குங்கப்பா."

இதை யாரும் மறுக்க முடியாது. கலந்தது கலந்ததுதான், யார் வீடானாலும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். ஒருவன் குனிந்து வாளியைத் தூக்கினான். அடுத்தவன் வாங்கினான். வரிசை நகரத் தொடங்கியது. முதல் வாளியை ஒவிதியோ கொட்டவில்லை, யாமிலெயும் கொட்டவில்லை. யார் கொட்டினார்கள் என்றே யாரும் கவனிக்கவில்லை.

யாமிலெ பஸ் ஏறிப் போய்விடுவாள் என்று ரூபியெலா நினைத்தாள். போகவில்லை. சற்று நேரம் பெயர்த்தெடுத்து அடுக்கிய டைல்ஸ்மேல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மேலிருந்து காலி வாளிகள் இறங்கும் வரிசையில் போய் நின்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி நிற்க வேண்டாம் என்றார்கள். காலி வாளிதானே, கனம் இல்லை என்றாள். அதில் ஓர் இடத்தில் ஆள் குறைந்தது. எதில்மா கரண்டியை வாங்கிக்கொண்டு ரூபியெலாவை அங்கே தள்ளிவிட்டாள். மூன்று மணி நேரம் மகள் கையிலிருந்து அம்மா கைக்கு ஒவ்வொன்றாகக் காலி வாளி வந்துகொண்டிருந்தது. மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு வாளியையும் கைப்பிடி அம்மா பக்கம் வரும்படி திருப்பிக் கொடுத்தாள்.

தளம் முடிந்தது. ஹில்தார்தோ மட்டப்பலகை இழுத்துவிட்டு இறங்கி வந்து, காலைக்கூடக் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்தான். ரூபியெலா சன்கோச்சோவை ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தாள். ஒவிதியோ வாங்கிக்கொண்டு போய் லாரிக்குப் பின்னால் நின்று சாப்பிட்டார். யாமிலெக்கு நெஞ்சுக்கறியாகப் பார்த்து எடுத்துப் போட்டு, தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டாள்.

"கொண்டாட்டமே கேட்டிருக்கலாம்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "கவுன்கூட பாத்து வெச்சிருந்தேன். நீல கவுன்."

பிறகு பசித்த பிள்ளை மாதிரி குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். ரூபியெலா அண்டாவைச் சாய்த்து அவள் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.